புகையானை வாடைக்காற்றுதான் கொண்டுவருகிறதா?

கேள்வி: நாங்கள் கொடுங்கையூரில் குடியிருக்கிறோம். என் தம்பி பொன்னேரி பக்கத்தில் மூன்று ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சம்பா நெல் பயிரிடுகிறான். போன கார்த்திகையில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வட்ட வட்டமாகக் காய்ந்து, ஒன்றரை ஏக்கர் வீணாகிவிட்டது. புகையான் பூச்சி என்றார்கள். நான்கு முறை மருந்தடித்தும் பயனில்லை. "அது ஆந்திராவிலிருந்து வாடைக்காற்றில் வருகிறது, நீ என்ன செய்தாலும் வரும், முன்கூட்டியே அடித்து வைத்துக்கொள்" என்கிறார் மருந்துக் கடைக்காரர். இந்த ஐப்பசியில் எங்கள் தெரு விளக்கிலும் சமையலறைக் குழல் விளக்கிலும் பச்சை நிறச் சிறு பூச்சிகள் மொய்க்கின்றன. அதைக் கேட்டதிலிருந்து தம்பிக்குப் பயம். இவ்வளவு தூரம் பூச்சி காற்றில் வருமா? இப்போதே மருந்தடிக்கலாமா? என் மொட்டை மாடிச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி பிடித்திருக்கிறது. அதுவும் காற்றில் வந்ததுதானா?
– ஒரு வாசகி, கொடுங்கையூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

தம்பிக்கு உடனே சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயலில் இறங்கி எண்ணிப் பார்க்காமல் மருந்தடிக்க வேண்டாம். தெரு விளக்கில் மொய்க்கும் பூச்சியைப் பார்த்து வயலுக்கு மருந்தடிப்பது நிச்சயமாகத் தவறு. காரணங்களைக் கீழே விரிவாக எழுதுகிறேன், அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் சமையலறையில் விழும் பச்சை நிறப் பூச்சி பெரும்பாலும் பச்சைத் தத்துப்பூச்சியாக இருக்கும். அதுவும் நெற்பயிரின் பூச்சிதான், ஆனால் புகையான் அல்ல. புகையான் பழுப்பு நிறம். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம். சந்தேகம் இருந்தால் ஒன்றைப் பிடித்து வெள்ளைத் தாளில் வைத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பின்னங்காலைப் பாருங்கள். காலின் நடுப்பகுதி முடியும் இடத்தில் அசையக்கூடிய பெரிய முள் ஒன்று இருந்தால் அது புகையான் குடும்பம். இல்லையென்றால் வேறு. சோழவரம், பொன்னேரி, மீஞ்சூர் பக்கமெல்லாம் வயல் இருக்கும்போது, மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் வெளிச்சமும் துறைமுக வெளிச்சமும் இரவெல்லாம் எரியும்போது, வடசென்னை வீடுகளுக்கு இந்தப் பூச்சிகள் வருவதில் வியப்பில்லை. விளக்கடியில் கிடக்கும் பூச்சியை வைத்து அது எங்கிருந்து கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி உங்கள் முக்கியமான கேள்வி. அவ்வளவு தூரம் வருமா? வரும். நீங்கள் நினைப்பதைவிட அதிகத் தூரம் வரும்.

ஜப்பானில் குளிர்காலத்தில் புகையான் உயிரோடு தங்குவதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் புதிதாக நட்ட வயல்களில் அது தோன்றிவிடும். 1732-இல் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சத்தை உண்டாக்கியவை புகையானும் அதன் குடும்பத்துத் தத்துப்பூச்சி வகைகளும்தான். இவை எங்கிருந்து வருகின்றன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. உள்ளூரிலேயே முட்டையாகவோ புல்லிலோ ஒளிந்து குளிரைக் கழிக்கின்றன என்றே பலர் நம்பினார்கள். 1967 ஜூலையில், கரையிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தெற்கே நடுக்கடலில் நின்றிருந்த ஜப்பானிய வானிலைக் கப்பலைச் சுற்றி இந்தப் பூச்சிகள் கூட்டமாகப் பறந்து வந்து இறங்கின. சுற்றிலும் தண்ணீர், ஒரு நெற்பயிர் கிடையாது. கிசிமோட்டோ என்ற பூச்சியியலாளரும் மற்றவர்களும் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். தென்சீனாவிலும் வட வியட்நாமிலும் விளைந்த பயிரிலிருந்து எழும்பி, பருவமழை முகப்பை ஒட்டி வீசும் தென்மேற்குக் காற்றில் கடல் கடந்து அவை வருவது உறுதியானது. இன்று அங்கே ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்துக் காற்று வரைபடத்தைப் பார்த்தே, எந்த நாளில் பூச்சி வந்திறங்கும் என்று முன்னறிவிப்புத் தருகிறார்கள்.

இரண்டு மில்லிகிராம் எடைகூட இல்லாத ஓர் உயிர் இதை எப்படிச் செய்கிறது? புகையானில் இரு வடிவங்கள் உண்டு. பயிர் இளமையாகவும் சாறு நிறைந்ததாகவும் இருக்கும்போது குட்டைச் சிறகோடு பிறக்கும். அவற்றால் பறக்க முடியாது, இருந்த இடத்திலேயே முட்டையிட்டுப் பெருகும். கூட்டம் பெருகி, பயிர் முற்றத் தொடங்கியதும் நீண்ட சிறகோடு ஒரு தலைமுறை உருவாகும். அவை அந்தி மயங்கும் வேளையிலும் விடியலுக்கு முன்னும் கிளம்பி நேராக மேலே ஏறும். தரைக்குப் பக்கத்தில் காற்று மெல்ல வீசும், அங்கே பூச்சி தன் விருப்பப்படி பறக்கலாம். நூறு, இருநூறு மீட்டருக்கு மேலே போனால் காற்றின் வேகம் பூச்சியின் வேகத்தைப் பல மடங்கு மிஞ்சிவிடும். அதன்பின் திசையைத் தீர்மானிப்பது காற்றுதான். பூச்சி சிறகடித்து உயரத்தை மட்டும் காத்துக்கொள்கிறது. சிறகடிப்பதை நிறுத்தினால் விழுந்துவிடும் என்பதால் இது தூசியைப் போன்ற மிதப்பு அல்ல. இரவில் தரை குளிர்ந்ததும் சில நூறு மீட்டர் உயரத்தில் வேகமான காற்று ஓடை ஒன்று உருவாகும். ரேடாரில் பார்த்தால், அந்த உயரத்தில் பூச்சிகள் ஒரு தளமாகத் திரண்டு பறப்பது தெரியும். மேலே போகப் போகக் குளிர் கூடுவதால், ஏறத்தாழ 16, 17 டிகிரிக்குக் கீழே புகையானால் சிறகடிக்க முடியாது. அதுவே அதன் கூரை.

வானத்தில் இவ்வளவு நடமாட்டம் இருப்பது நமக்குத் தெரிவதில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் 1926 முதல் 1931 வரை விமானத்தில் வலை கட்டிப் பறந்து பூச்சி பிடித்தார்கள். 15,000 அடி உயரத்திலும் ஒரு சிலந்தி அகப்பட்டது. தெற்கு இங்கிலாந்தின் மேலே மட்டும் ஆண்டுக்குச் சுமார் மூன்றரை லட்சம் கோடி பூச்சிகள் கடந்து போவதாக 2016-இல் வெளியான ரேடார் ஆய்வு கணக்கிட்டது. எடை 3,200 டன். நம் ஊரிலும் சான்று உண்டு. ஐப்பசி மழைக்கு முன் தட்டான்கள் கூட்டங்கூட்டமாகத் தாழப் பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஓர் இனம் இங்கிருந்து மாலத்தீவு வழியாகக் கிழக்கு ஆப்பிரிக்கா வரை காற்றோடு போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற உயிரியலாளர் 2009-இல் எழுதினார்.

எங்கே இறங்குகின்றன என்பது இன்னும் முக்கியம். திசை வேறான காற்றுகள் சந்திக்கும் இடத்தில் காற்று மேலெழும்பி மேகமாகி மழையாகிறது. காற்றோடு வரும் பூச்சிகளும் அந்தச் சந்திப்பில்தான் குவிகின்றன. மழைத் துளியும் அதனுடன் இறங்கும் குளிர்காற்றும் அவற்றைத் தரைக்குக் கொண்டுவருகின்றன. பாலைவன வெட்டுக்கிளிகளை ஆராய்ந்த ரெய்னி 1951-இல் இதைத்தான் விளக்கினார்: காற்றோடு போகும் கூட்டம், காற்று கூடும் இடத்துக்கு, அதாவது மழை பெய்யும் இடத்துக்குப் போய்ச் சேருகிறது. அங்கே புல் முளைத்திருக்கும், மண் ஈரமாக இருக்கும், முட்டையிடலாம். 2018-இல் மெகுனு, லுபான் என்ற இரண்டு புயல்கள் அரேபியப் பாலைவனத்தில் மழையைக் கொட்டின. அங்கே பெருகத் தொடங்கிய வெட்டுக்கிளிகளின் சந்ததிதான் 2020-இல் ஜெய்ப்பூர் நகரத்துக்குள் வந்தது. அந்த நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளில் மொய்த்த வெட்டுக்கிளிகளைப் பார்த்து அங்கும் பீதி கிளம்பியது. அவை உள்ளூர் இனம், பாலைவன வெட்டுக்கிளி அல்ல. உங்கள் தெரு விளக்குப் பூச்சியைக் கேட்டுத் தம்பி பயந்ததும் இதே வகைப் பயம்தான்.

கடைக்காரர் சொன்னதற்கு வருகிறேன். நெல்லூர்ப் பக்கத்திலிருந்து பொன்னேரிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர். சில நூறு மீட்டர் உயரத்தில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் வாடை வீசினால், அந்தியில் எழும்பிய பூச்சி நள்ளிரவை ஒட்டிப் பொன்னேரிக்கு வந்துவிடலாம். முடியாத காரியம் அல்ல.

ஆனால் நாள் கணக்கைப் பாருங்கள். வயல் காய்ந்தது கார்த்திகையில். ஒரு குத்தில், அதாவது சேர்த்து நட்ட நாற்றுகளின் கொத்தில், நூற்றுக்கணக்கில் பூச்சி இருந்தால்தான் பயிர் அப்படி வட்டமாக எரியும். அவ்வளவு பூச்சியும் ஒரே இரவில் வானத்திலிருந்து ஒன்றரை ஏக்கரில் விழவில்லை. புகையான் முட்டையிலிருந்து வளர்ந்து மீண்டும் முட்டையிட ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். ஒரு பெண் பூச்சி இருநூறுக்கு மேல் முட்டையிடும். கார்த்திகையில் பயிரை எரித்தவை, புரட்டாசியில் வந்திறங்கிய சில பூச்சிகளின் பேரப்பிள்ளைகள். புரட்டாசியில் இங்கே வாடை ஏது? மேற்குக் காற்றும் பிற்பகல் கடல்காற்றும்தான். வடகிழக்குப் பருவக்காற்று பொதுவாக அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான் நிலைகொள்ளும். காசிமேட்டில் கடலுக்குப் போகும் யாரைக் கேட்டாலும் காற்று திரும்பும் நாளைச் சரியாகச் சொல்வார்கள். பழியை வாடையின் மேல் போட்டால் கணக்கு உதைக்கிறது.

அந்த முதல் சில பூச்சிகள் வர நெல்லூரும் தேவையில்லை. தம்பியின் வயல் இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவத்துக்குப் பருவம் நெல் மாறி மாறி நிற்கிறது. குளிர் என்பதே இல்லை. பக்கத்து ஊரில் முற்றும் பயிரிலிருந்து கிளம்பினால் அடுத்த ஊரில் இளம்பயிர் காத்திருக்கிறது. பிலிப்பைன்ஸில் ரேடார் வைத்துப் பார்த்தபோது, வெப்பமண்டலப் புகையான்கள் பெரும்பாலும் அந்தி, விடியல் ஆகிய சிறு பொழுதுகளில் மட்டும் பறந்து இறங்கிவிட்டன. கடல் கடக்கும் தேவை இல்லாத இடத்தில் அவை நெடுந்தூரம் போவதில்லை.

எனவே நான் உறுதியாகச் சொல்வது இது: காற்று விதைக்கிற பூச்சி கொஞ்சம்தான், அதைக் கொள்ளையாக்குவது வயலில் நடப்பது. பூச்சி வந்திறங்குவதை நம்மால் தடுக்க முடியாது. பெருகுவதைத் தடுக்கலாம். அதைச் செய்ய வேண்டிய நேரத்தில் "ஆந்திராக் காற்று" என்று சொல்லிக் கையை விரிப்பதும், அதையே காரணம் காட்டி முன்கூட்டி மருந்து விற்பதும் எனக்குக் கோபத்தை உண்டாக்குகின்றன. நான்கு முறை மருந்தடித்த பணம் குத்தகைக்காரரின் பணம்.

அந்த நான்கு முறைதான் வயலை எரித்திருக்கவும் கூடும். புகையானின் முட்டை இலை உறைக்குள் இருக்கிறது. பூச்சி தூரின் (குத்திலிருந்து கிளைக்கும் ஒவ்வொரு தண்டின்) அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்கிறது. மேலாக அடிக்கும் மருந்து அங்கே சரியாகச் சேராது. ஆனால் பயிரில் ஓடித் திரியும் ஓநாய்ச் சிலந்தியும், புகையான் முட்டைகளைக் குத்திக் குடிக்கும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியும் செத்துவிடும். பத்து நாளில் முட்டைகள் பொரிக்கும்போது அவற்றைத் தின்ன யாரும் இல்லை. செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்துகளை அடித்தால் புகையான் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும் என்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே எச்சரிக்கிறது. இந்தோனேசியாவில் இது தேசத்தின் பிரச்சினையாகி, 1986-இல் அந்நாட்டு அதிபர் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து ஆணை பிறப்பித்தார். மருந்து குறைந்ததால் அங்கே நெல் அழிந்துபோகவில்லை.

இந்த நண்பர்களும் காற்றில் வருகிறவர்கள்தான் என்பதைத் தம்பிக்கு அவசியம் சொல்லுங்கள். கடல்மேல் வலை கட்டிப் பிடித்தபோது புகையானோடு மிரிட் பூச்சியும் அகப்பட்டிருக்கிறது. இரை போகும் வழியிலேயே அதுவும் பயணம் செய்கிறது. சிலந்திக் குஞ்சுகள் புல் நுனியில் ஏறி, ஒரு நூலைக் காற்றில் விட்டு, அதோடு எழும்பிப் போகும். 1832 நவம்பர் முதல் நாள், தென் அமெரிக்காவில் கரையிலிருந்து 60 மைல் தள்ளி நின்ற கப்பலின் கயிறுகளில் ஆயிரக்கணக்கான சிறு சிலந்திகள் வந்து படிந்ததை டார்வின் பதிவு செய்திருக்கிறார். நட்டவுடன் "பாதுகாப்புக்கு" என்று ஒரு முறை மருந்தடிப்பவர்கள், காற்று இலவசமாக அனுப்பிய காவலர்களை வந்த அன்றே கொன்றுவிடுகிறார்கள்.

காற்று இன்னொன்றையும் சுமந்து வருகிறது: மருந்துக்குச் சாகாத குணம். 2006-ஐ ஒட்டி ஜப்பானில் வந்திறங்கிய புகையான்கள், முன்பு நன்றாக வேலை செய்த இமிடாகுளோபிரிட்டுக்கு எளிதில் சாகவில்லை. அந்த எதிர்ப்பு பெருமளவு ஜப்பானில் உருவானதல்ல. பூச்சி கிளம்பிய நாடுகளின் வயல்களிலேயே திரும்பத் திரும்ப அதே மருந்தை அடித்து வளர்ந்தது. பொன்னேரியிலும் அப்படித்தான். பக்கத்து வயல்காரர் அடிக்கும் மருந்து உங்கள் தம்பியின் விஷயமும் ஆகும். முடிந்தால் ஊரில் நான்கு பேரைச் சேர்த்து உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்; ஒரே காலத்தில் நடவு, ஒரே மருந்தைத் தொடர்ந்து அடிக்காதிருத்தல், இந்த இரண்டில் உடன்பாடு வந்தால்கூடப் பெரிய காரியம்.

இந்த ஆண்டுச் சம்பாவுக்கு இப்போது செய்ய வேண்டியவை. வாரத்தில் இரண்டு நாள், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கட்டாயமாக, வயலுக்குள் குறுக்காக நடந்து இருபது குத்துகளையாவது பார்க்க வேண்டும். குனிந்து, தூரின் அடியைக் கையால் தட்டினால் பூச்சி தண்ணீரில் விழும். எண்ணட்டும். தூருக்கு ஒரு பூச்சி என்ற அளவைத் தொட்டால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலே பச்சையாக இருக்கும்போதே அடியில் பெருகிவிடும்.

பூச்சி கூடுவதாகத் தெரிந்தால் முதலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும். மூன்று நான்கு நாள் காயவிட்டுப் பிறகு கட்டினால் போதும். அடியில் எப்போதும் நிற்கும் ஈரமும் இருட்டும் அதற்குப் பிடித்தமானவை. யூரியாவைக் கையிழுத்துப் பிடிக்க வேண்டும். தழைச்சத்து கூடிய பயிரில் பெண் பூச்சி அதிகமாக முட்டையிடுகிறது. போன ஆண்டு தம்பி எத்தனை மூட்டை போட்டார் என்று கேட்டுப் பாருங்கள். மருந்து அவசியம் என்ற நிலை வந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதத்தில் தொடங்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் உதவி வேளாண் அலுவலர் எழுதிக் கொடுக்கும் மருந்தை மட்டும், தூரின் அடி நனையும்படி அடிக்க வேண்டும். விசைத்தெளிப்பானை மேலே தூக்கிப் பிடித்து அடித்தால் காசுதான் காற்றில் போகும்.

விளக்குப்பொறி ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஒரு பல்பு, அதன் கீழே தண்ணீர்ச் சட்டி, தண்ணீரில் சிறிது மண்ணெண்ணெய். மாலை ஆறு முதல் பத்து வரை எரிந்தால் போதும். பூச்சியை ஒழிப்பதற்கு அல்ல, வரவு தெரிவதற்கு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, எத்தனை பூச்சி, அன்று எந்தத் திசைக் காற்று, மழை உண்டா என்று எழுதிவைத்தால், இரண்டு பருவத்தில் தம் வயலுக்குப் பூச்சி எப்போது வருகிறது என்பது அவருக்கே தெரிந்துவிடும். அதன்பின் கடைக்காரர் சொல்லி அறிய வேண்டியதில்லை.

அடுத்த நடவுக்கு எட்டு அடிக்கு ஓர் அடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டு நடட்டும். காற்றும் வெளிச்சமும் தூரடிக்குப் போகும், மருந்தடிக்க நேர்ந்தாலும் நடக்க வழி இருக்கும். செங்குன்றம் வியாபாரிகள் விரும்புகிறார்கள் என்று பி.பி.டி. 5204 போட்டிருந்தால், அந்த ரகம் புகையானைத் தாங்காது என்பதையும் தெரிந்து போட வேண்டும். மாற்று ரகத்துக்குத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். அதுவும் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது.

செம்பருத்தி விஷயம் சுருக்கமானது. மாவுப்பூச்சியின் பொரித்த குஞ்சுகள் காற்றில் அடித்துக்கொண்டு பக்கத்து மாடிக்குப் போகும். அதற்கு மேல் பெரும்பாலும் மனிதர்கள்தான் வாகனம். மெக்சிகோவைச் சேர்ந்த பப்பாளி மாவுப்பூச்சி 2008-இல் கோயம்புத்தூரில் தென்பட்டது. அந்தத் தூரத்தைக் காற்று கடத்தவில்லை. புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்த ஒரு சிறு ஒட்டுண்ணிக் குளவியை 2010-இல் விட்ட பிறகே அது அடங்கியது. கடைசியாக எந்த நர்சரியிலிருந்து தொட்டி வாங்கினீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பாதிக்கப்பட்ட நுனிகளை வெட்டிப் பாலித்தீன் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மற்றவற்றைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், செடியில் எறும்பு ஏறாமல் பாருங்கள். எறும்பு மாவுப்பூச்சியின் இனிப்புக் கழிவுக்காக அதைக் காவல் காக்கும், குளவியை அண்டவிடாது. புதுச் செடி வாங்கினால் இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டுப் பிறகு மற்றவற்றோடு சேர்க்கலாம்.

தம்பி இந்த வாரம் எண்ணிய கணக்கை எழுதி அனுப்பட்டும்: குத்துக்கு எத்தனை தூர், தூருக்கு எத்தனை பூச்சி, எத்தனை சிலந்தி. போன ஆண்டு அடித்த நான்கு மருந்துகளின் பெயரும் அடித்த தேதிகளும் வேண்டும். பில் கையில் இருந்தால் அதன் நகலே போதும்.